மதுரையில் பிறந்த டி மோர்கன்: உங்கள் கோடிங்கில் வரும் 'இல்லை'க்கு விதி எழுதியவர் யார்?

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்து தே ஓ கோசோங் கேட்டிருக்கிறீர்களா? பால் வேண்டாம், சீனியும் வேண்டாம். அண்ணன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டே நிமிடத்தில் டம்ளர் மேசைக்கு வந்துவிடும். இதே ஆர்டரை ஒரு கணினிக்குப் புரியவைத்துப் பாருங்கள், அப்போதுதான் தெரியும் சிக்கல்.

அந்தச் சிக்கலை அவிழ்க்கிற விதிக்கு ஒருவருடைய பெயர் உண்டு. பைத்தான், ஜாவா எது படித்தாலும் 'டி மோர்கன் விதிகள்' என்ற தலைப்பு எங்காவது கண்ணில் பட்டிருக்கும். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்தும் போயிருப்பீர்கள். அந்த டி மோர்கன் பிறந்த ஊர் எது தெரியுமா? மதுரை.

அவர் கதைக்குப் போவதற்கு முன்னால், அந்தச் சிக்கல் என்ன என்று பார்த்துவிடலாம்.

பிரெடிகேட் என்றால் பயனிலை

தமிழ்ப் பள்ளியில் எழுவாய், பயனிலை படித்தது ஞாபகம் இருக்கிறதா? 'இந்தத் தே இனிக்கும்' என்ற வாக்கியத்தில் தே எழுவாய், இனிக்கும் என்பது பயனிலை. இப்போது எழுவாயைத் தூக்கிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்: '____ இனிக்கும்'. காலி இடத்தில் எதைப் போடுகிறோமோ அதைப் பொறுத்து வாக்கியம் உண்மையாகும், இல்லையென்றால் பொய்யாகும். தே ஓ போட்டால் உண்மை. தே ஓ கோசோங் போட்டால் பொய்.

நிரலாக்கத்தில் பிரெடிகேட் என்பது இதுதான். ஆங்கில இலக்கணத்தில் பயனிலைக்கும் இதே சொல்தான். ஒரு பொருளை வாங்கிக்கொண்டு, 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்' என்று இரண்டில் ஒன்றை மட்டும் திருப்பித் தரும் ஃபங்ஷன். மூன்றாவது பதில் கிடையாது. இந்த இரண்டு பதில்களுக்குப் பொதுப் பெயர் பூலியன். ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞரின் பெயர் அது. அவரும் இந்தக் கதையில் வருகிறார்.

சரி, லாம்டா? கடையின் தே பட்டியலில் இனிக்கிறதை மட்டும் வடிகட்டித் தரச் சொல்லி 'ஃபில்டர்' ஃபங்ஷனிடம் கேட்கிறீர்கள். எதை வைத்து வடிகட்டுவது என்று அதற்கு ஒரு பிரெடிகேட் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை கேட்கப்போகும் கேள்விக்குத் தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதி, பெயர் யோசித்து, பெயர் வைத்து... எதற்கு? பெயரே வைக்காமல், தேவைப்படும் இடத்திலேயே எழுதிக் கொடுத்துவிடும் சின்ன ஃபங்ஷன்தான் லாம்டா. பைத்தான் வரியைத் தமிழ் எழுத்தில் தந்தால் இப்படி இருக்கும்:

லாம்டா தே: தே.சீனி

ஒரு தேயைக் கொடுங்கள், அதில் சீனி இருக்கா இல்லையா என்று சொல்கிறேன். அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

இப்போது தே ஓ கோசோங்குக்கு வருவோம். பட்டியலில் நான்கு தே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தே சி என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சீனியும் உண்டு. தே சி கோசோங்கில் பால் மட்டும். தே ஓ-வில் சீனி மட்டும். தே ஓ கோசோங்கில் இரண்டும் இல்லை. (கெட்டிப்பால் ஊற்றும் சாதாரண தேயை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். அதில் பாலையும் இனிப்பையும் பிரிக்க முடியாது.)

முதல் தடவை எழுதுகிற பலர் இப்படி எழுதுவார்கள்:

நாட் தே.பால் அண்ட் தே.சீனி

கணினி தே ஓ கொண்டுவந்து வைக்கும், சீனியோடு. ஏனென்றால் 'நாட்' பக்கத்தில் இருக்கும் பாலை மட்டும்தான் மறுக்கிறது, சீனியைத் தொடவே இல்லை. சரி, அடைப்புக்குறி போட்டுவிடலாம் என்று அடுத்து இப்படி எழுதுவீர்கள்:

நாட் (தே.பால் அண்ட் தே.சீனி)

இப்போது ஒன்றல்ல, மூன்று தே வருகிறது! தே சி மட்டும்தான் வரவில்லை. ஏன்? இதற்குப் பதில் சொன்னவர்தான் டி மோர்கன்.

மதுரையில் ஏழு மாதம்

ஆகஸ்டஸ் டி மோர்கன் 1806 ஜூன் 27 அன்று மதுரையில் பிறந்தார். அப்பா ஜான் டி மோர்கன் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. அம்மா எலிசபெத்தின் குடும்பத்தில் ஏற்கனவே ஒரு கணித ஆள் உண்டு: எதிர்மடக்கை அட்டவணை தயாரித்த ஜேம்ஸ் டாட்சன். குழந்தைக்குப் பிறந்த சில காலத்திலேயே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது.

அவர் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தென்னிந்தியாவில் கம்பெனி அதிகாரிகளுக்கு அது நிம்மதியான காலமாக இல்லை. குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. பத்து வயதில் அப்பாவும் இறந்துபோனார். பள்ளியில் ஒற்றைக் கண் பையன் மற்றவர்களோடு ஓடி விளையாட முடியவில்லை, கேலிக்கும் ஆளானான்.

ஏழு மாதம் இருந்த குழந்தையை 'மதுரைக்காரர்' என்று சொந்தம் கொண்டாடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவரே பிற்காலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட விதம் சுவாரஸ்யமானது. தான் இங்கிலாந்துக்காரனும் இல்லை, ஸ்காட்லாந்துக்காரனும் இல்லை, அயர்லாந்துக்காரனும் இல்லை, எந்தப் பக்கமும் சேராத ஒரு பிரிட்டிஷ் ஆள் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். எந்தக் கல்லூரியிலும் சேராமல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவனைக் குறிக்கும் சொல்லை அதற்கு எடுத்துக்கொண்டார். அந்த வாக்கியத்தில் எத்தனை 'இல்லை' என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் உதவும்.

ஒரு கையெழுத்து போட மறுத்தவர்

1823-ல், 16 வயதில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1827-ல் கணித இறுதித் தேர்வில் நான்காவது இடம். அங்கேயே மேல்பட்டம் வாங்கி, கல்லூரி ஃபெலோவாகி, வாழ்நாள் முழுவதும் ஆராய்ச்சி செய்திருக்கலாம். ஒரு கையெழுத்து மட்டும் தேவைப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் போடவில்லை.

இதை ஒரு பிரெடிகேட்டாக எழுதினால், 'மதிப்பெண் அண்ட் கையெழுத்து'. 'அண்ட்' எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ட்ரூ-வாக இருந்தாலும், மறுபக்கம் ஃபால்ஸ் என்றால் மொத்தமும் ஃபால்ஸ். இறுதித் தேர்வில் நான்காவதாக வந்த மாணவருக்குக் கேம்பிரிட்ஜின் கதவு மூடியது. யூதர்கள், கத்தோலிக்கர்கள், பிற சபையினர் என்று எத்தனையோ பேரை அதே வரி வெளியே நிறுத்திக்கொண்டிருந்தது. டி மோர்கன் நாத்திகர் இல்லை. நம்பிக்கை என்பது பதவிக்காகக் கையெழுத்திட்டுக் காட்டுகிற விஷயமில்லை என்பதில் பிடிவாதமாக இருந்தார், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் லண்டனில் ஒரு புதிய பல்கலைக்கழகம் தொடங்கியது, மத நிபந்தனை எதுவும் இல்லாமல். இன்றைய யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன். 1828-ல் டி மோர்கன் அங்கே கணிதப் பேராசிரியர் ஆனார். வயது 21.

மூன்றே ஆண்டில் ராஜினாமா! சக பேராசிரியர் ஒருவரை நிர்வாகம் சரியான விசாரணை இல்லாமல் நீக்கியது. நியாயம் கேட்டு வேலையை விட்டார். அவருக்குப் பின் வந்தவர் கடலில் மூழ்கி இறந்ததால், 1836-ல் திரும்ப அழைத்தார்கள். பிறகு 30 வருடம் அங்கேதான் பாடம் நடத்தினார்.

பாடம் நடத்தியதோடு நிற்கவில்லை. சாதாரண மக்கள் ஒரு பென்னி கொடுத்து வாங்கும் 'பென்னி சைக்ளோபீடியா'வுக்கு 700-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதித் தள்ளினார். விளக்கக் கட்டுரை எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கு அவர் ஒரு மூத்த அண்ணன் என்றே சொல்லலாம். 1840-41-ல் தபால் வழியாக ஒரு பெண்ணுக்கு உயர்கணிதம் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் உலகின் முதல் புரோகிராமர் என்று பலரும் கொண்டாடும் அடா லவ்லேஸ்தான் அந்த மாணவி. டெல்லியில் ஆசிரியராக இருந்த ராமச்சந்திரா கால்குலஸ் இல்லாமலே பெருமம், சிறுமம் காணும் வழியைப் புத்தகமாக எழுதி 1850-ல் கல்கத்தாவில் வெளியிட்டபோது, அது டி மோர்கன் கைக்குப் போனது. அவர் அதைப் படித்துவிட்டு மூலையில் வைக்கவில்லை. கம்பெனி இயக்குநர்களைப் பேசிச் சம்மதிக்கவைத்து, நீண்ட முன்னுரையோடு 1859-ல் லண்டனில் மறுபதிப்பு வர வழிசெய்தார்.

ஒரு சண்டை, இரண்டு புத்தகங்கள்

லாஜிக் என்றால் அன்றைய ஐரோப்பாவில் அரிஸ்டாட்டில்தான். இரண்டாயிரம் வருடப் பழைய சட்டகம். எல்லா மனிதரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் இறப்பவர் என்கிற வகை. 'எல்லாம்', 'சில', 'எதுவும் இல்லை' ஆகிய அளவுகள்தான் அதில் உண்டு. 'பெரும்பாலானவை' என்று சொன்னால் அதற்கு ஒன்றும் ஓடாது.

டி மோர்கனுக்கு அது போதவில்லை. கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலின் ஒரு பகுதியில் 10 பேர் இருக்கிறார்கள், 7 பேரிடம் குடை, 6 பேரிடம் பை. குறைந்தது 3 பேரிடம் இரண்டும் இருந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். பழைய லாஜிக்கால் இதைச் சொல்ல முடியாது. எண்ணிக்கையையும் லாஜிக்குக்குள் கொண்டுவர முடியும் என்று டி மோர்கன் காட்டினார்.

பயனிலைக்கும் அளவு வேண்டுமா என்ற கேள்வியில்தான் பிரச்சினை வெடித்தது. 'எல்லா தே ஓவும் பானம்' என்கிறோம். எல்லா பானமுமா, சில பானமா? எடின்பரோவின் தத்துவப் பேராசிரியர் சர் வில்லியம் ஹாமில்டன், இந்த யோசனை தன்னுடையது, டி மோர்கன் திருடிவிட்டார் என்று குற்றம்சாட்டினார். பகிரங்கமான சண்டை. இன்று பார்த்தால் ஹாமில்டனின் குற்றச்சாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையால் உலகத்துக்கு ஒரு லாபம் கிடைத்தது.

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். செருப்புத் தைப்பவரின் மகன், பல்கலைக்கழகம் போகாதவர், டி மோர்கனின் கடித நண்பர். அவர்தான் ஜார்ஜ் பூல். சண்டை கிளப்பிய ஆர்வத்தில் லாஜிக்கை அல்ஜீப்ராவாகவே எழுதிவிட்டார். 1847-ல் அவருடைய சிறு நூலும், டி மோர்கனின் 'ஃபார்மல் லாஜிக்' நூலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிவந்தன. யார் முதல் என்று இருவரும் அடித்துக்கொள்ளவில்லை. பூல் 1864-ல் இறக்கும்வரை இருவரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டு விதிகள்

இப்போது மூன்று தே ஏன் வந்தது என்று பார்த்துவிடலாம்.

'நாட் (பால் அண்ட் சீனி)' என்றால் இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏதோ ஒன்று இல்லாமல் இருந்தால் போதும். அதாவது 'நாட் பால் ஆர் நாட் சீனி'. தே ஓ-வில் பால் இல்லை, சரி. தே சி கோசோங்கில் சீனி இல்லை, அதுவும் சரி. தே ஓ கோசோங்கும் சரி. இது முதல் விதி.

நீங்கள் கேட்க நினைத்தது 'நாட் (பால் ஆர் சீனி)'. இரண்டில் எதுவும் வேண்டாம். அதை விரித்தால் 'நாட் பால் அண்ட் நாட் சீனி'. இது இரண்டாவது விதி. ஒரே ஒரு டம்ளர்தான் தேறும்.

'நாட்' அடைப்புக்குறிக்குள் நுழையும்போது ஒவ்வொரு உறுப்பையும் தொடும், கூடவே 'அண்ட்'டை 'ஆர்' ஆக்கும், 'ஆர்'-ஐ 'அண்ட்' ஆக்கும். இரண்டாவது பாதியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். இடைக்கால ஐரோப்பிய அறிஞர்களுக்கு இந்த விஷயம் வார்த்தையில் தெரிந்திருந்தது. அதைக் குறியீடாக்கி, கணக்குப் போடுவதுபோல் கையாள முடியும் என்று ஆக்கியதால்தான் டி மோர்கன் பெயர் நின்றது.

நமக்கு ஏன் குழம்புகிறது என்றால், தமிழ் இதை ரொம்ப இயல்பாக முடித்துவிடுகிறது. 'பாலும் சீனியும் வேண்டாம்' என்றால் எந்தக் கடைக்காரரும் இரண்டையும் போட மாட்டார். காதுக்கு 'உம்' என்பது 'அண்ட்' மாதிரி கேட்கிறது. ஆனால் அங்கே நாம் சொல்வது 'நாட் (பால் ஆர் சீனி)'. வாயில் வருவதை அப்படியே கீபோர்டில் தட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

தேயோடு போனால் பரவாயில்லை. கிள்ளானில் ஒரு மாணவர் உதவிநிதித் திட்டம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். நிபந்தனை இதுதான்: குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டி, வேறு உதவியும் ஏற்கனவே பெறுபவராக இருந்தால் நிராகரிக்கவும். இரண்டும் சேர்ந்தால்தான் நிராகரிப்பு. அப்படியென்றால் தகுதி பெறுபவர் யார்? வருமானம் வரம்புக்குள் இருப்பவர், 'ஆர்' வேறு உதவி பெறாதவர். எழுதுகிறவர் அவசரத்தில் 'அண்ட்' போட்டுவிட்டால், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை, வேறெங்கோ புத்தகத்துக்குச் சின்ன உதவி வாங்கிய ஒரே காரணத்தால் பட்டியலிலிருந்து காணாமல் போவான். பைத்தான் ஒரு எரர்கூடக் காட்டாது. இலக்கணம் சரி, ஓடும். யார் விடுபட்டார் என்று யாருக்கும் தெரியவராது.

லாம்டா எப்போது வந்தது?

டி மோர்கன் காலத்தில் லாம்டா இல்லை. அவரிடம் படித்த வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், பியானோ போல விசை அழுத்தினால் லாஜிக் கணக்குப் போடும் மரப்பெட்டி ஒன்றைச் செய்து 1870-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். இயந்திரம் வந்துவிட்டது, மொழி வரவில்லை.

1930-களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச், ஃபங்ஷன் என்றால் என்ன என்பதையே ஒரு கணக்கு முறையாக எழுதினார். அதில் அவர் பயன்படுத்திய கிரேக்க எழுத்துதான் லாம்டா. அவருடைய முறையில் ட்ரூ, ஃபால்ஸ்கூட ஃபங்ஷன்கள்தான். 1950-களின் கடைசியில் ஜான் மெக்கார்த்தி 'லிஸ்ப்' மொழியில் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். ஜாவாவுக்கு லாம்டா வர 2014 ஆனது. கூடவே 'பிரெடிகேட்' என்ற பெயரிலேயே ஒரு வகையும் வந்தது. அதனிடம் 'அண்ட்', 'ஆர்', 'நெகேட்' என்று மூன்று வேலை சொல்லலாம். இரண்டு பிரெடிகேட்டை 'அண்ட்'டால் இணைத்து 'நெகேட்' செய்தால் என்ன வரும்? உங்களுக்கு இப்போது தெரியும்.

கடைசி ராஜினாமா

டி மோர்கனின் வாழ்க்கையைப் பார்த்தால் அவருக்கே 'நாட்' ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது. ராயல் சொசைட்டியில் சேரவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகம் கொடுத்த கௌரவப் பட்டத்தை வேண்டாம் என்றார். எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் எட்டிப் பார்த்ததுகூட இல்லையாம். விதிவிலக்காக, மகன் ஜார்ஜும் ஒரு நண்பரும் தொடங்க நினைத்த லண்டன் கணிதச் சங்கத்துக்கு மட்டும் 1865-ல் முதல் தலைவராக இருக்கச் சம்மதித்தார்.

மறு வருடமே பெரிய அடி. தத்துவப் பேராசிரியர் பதவிக்குத் தகுதியான ஜேம்ஸ் மார்ட்டினோவை அவருடைய சமய அடையாளத்தைக் காரணம் காட்டி யுனிவர்சிட்டி காலேஜ் ஒதுக்கியது. மத நிபந்தனை இல்லை என்பதால்தான் டி மோர்கன் 21 வயதில் அங்கே போனார். அந்த வரியை இப்போது அந்தக் கல்லூரியே பின்வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டது என்று அவருக்குப் பட்டது. 60 வயதில் வேலையை விட்டார். பழைய மாணவர்கள் அவருடைய உருவச்சிலையோ ஓவியமோ கல்லூரியில் வைக்கலாமா என்று கேட்டார்கள். தான் மதித்த கல்லூரி இப்போது இல்லை என்று மறுத்துவிட்டார்.

1867-ல் மகன் ஜார்ஜ் இறந்தார். பிறகு ஒரு மகளும். அதற்குப் பின் அவர் எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1871 மார்ச் 18 அன்று காலமானார். அதே ஆண்டு ஜூன் மாதம், கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பதவிகளுக்கான மத நிபந்தனையை நாடாளுமன்றம் சட்டம் போட்டு நீக்கியது. 'மதிப்பெண் அண்ட் கையெழுத்து' என்ற வரியில் பாதி அழிந்தது, அவர் இறந்து மூன்று மாதம் கழித்து.

அவர் விட்டுப்போன ஒரு புதிர்

அவர் வயதைக் கேட்டால் நேராகச் சொல்ல மாட்டாராம். ஒரு ஆண்டில் தன் வயதின் வர்க்கமும் அந்த ஆண்டும் ஒன்றாக இருந்தது என்பார். 43-ஐ 43-ஆல் பெருக்கினால் 1849. அந்த ஆண்டில் அவருக்கு வயது 43.

இதையும் ஒரு பிரெடிகேட்டாக எழுதலாம். இந்தத் தடவை காலி இடம் இரண்டு. இப்படி இரண்டு பொருள்களுக்கு இடையிலான உறவை லாஜிக்குக்குள் கொண்டுவந்ததும் டி மோர்கன்தான், 1860-ல் எழுதிய ஒரு கட்டுரையில்.

லாம்டா வயது, ஆண்டு: வயது * வயது == ஆண்டு

இதில் எண்களைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். 45-ஐ 45-ஆல் பெருக்கினால் 2025. உங்கள் வீட்டில் 1980-ல் பிறந்த அம்மாவோ அப்பாவோ சித்தியோ மாமாவோ இருந்தால், அவர்களுக்கு ட்ரூ வரும். அதற்கு அடுத்து ட்ரூ வாங்கப்போகிறவர்கள் 2070-ல்தான் பிறப்பார்கள்.